லண்டன் டிக்கெட் போடுகிறீர்களா? எந்த லண்டன்?

“சித்தி, டிக்கெட் போட்டாச்சா? எந்த ஏர்போர்ட்?”

“லண்டன்தான்டி. வேற எது?”

“லண்டன்ல ஆறு இருக்கு சித்தி. டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். போகும்போது ஹீத்ரோ, திரும்பும்போது கேட்விக். இரண்டும் ஒரே ஏர்போர்ட்டின் இரண்டு வாசல் என்று நினைத்துப் பட்டனைத் தட்டியிருக்கிறேன். நாலாயிரம் ரூபாய் குறைவாகக் காட்டியது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதைப் படிக்கவில்லை. ஹீத்ரோ லண்டனுக்கு மேற்கே. கேட்விக் தெற்கே, நகரத்தின் நடுவிலிருந்து 45 கிலோமீட்டர். அக்கா மகள் குடியிருக்கும் ஈஸ்ட் ஹாமோ கிழக்கே.

இது என் அவசரம் மட்டும் இல்லை. டிக்கெட் தளங்களில் ‘லண்டன்’ என்று தட்டியவுடன் முதலில் வந்து நிற்பது ‘எல்லா விமான நிலையங்களும்’ என்ற வரிதான். எல்ஓஎன் என்ற மூன்றெழுத்துக் குறியீடு அதற்கு. அது ஏர்போர்ட்டின் குறியீடு இல்லை, நகரத்தின் குறியீடு. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் ஆறும் அதற்குள் அடக்கம். கணினி இந்த ஆறையும் ஒரே ஊராக எண்ணி, விலை குறைந்ததை மேலே தள்ளிவிடுகிறது. இறங்கியபின் நாம் எங்கே போகவேண்டும் என்று அது கேட்பதே இல்லை.

தூரம் புரிய நம் கணக்கில் சொல்கிறேன். ஸ்டான்ஸ்டெட்டும் சவுத்எண்டும் நடு லண்டனிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். மாமல்லபுரத்தில் ஓர் ஓடுபாதை போட்டு அதற்குச் சென்னை என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. லூட்டன் பெட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் தனி ஊர். 1990-ல்தான் அந்த விமான நிலையம் தன் பெயருக்கு முன்னால் ‘லண்டன்’ என்று சேர்த்துக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் ஒரு சின்ன விமானத்தளம், அதுவும் ‘லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு’ ஆகிவிட்டது. பெயர் வைக்கக் காசா, பணமா!

ஆறு எப்படி வந்தது?

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஆறு கட்டவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் லண்டனின் விமான நிலையம் க்ராய்டன்தான். இம்பீரியல் ஏர்வேஸின் இந்தியத் தபால் 1929-ல் அங்கிருந்துதான் கராச்சிக்குக் கிளம்பியது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் அங்கிருந்து மெட்ராசுக்கும் ஓட்டிவந்த முதல் விமானத் தபால் அந்தச் சங்கிலியின் தொடர்ச்சி. க்ராய்டன் 1959-ல் மூடப்பட்டது. இன்று அந்தப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு தமிழ்க் குரல் கேட்கும், விமானம்தான் இல்லை.

ஹீத்ரோ என்பது ஒரு குக்கிராமத்தின் பெயர். போர்க்காலத்தில், 1944-ல், விமானப்படைக்கு என்று சொல்லி அந்த ஊரை இடித்தார்கள். 1946-ல் அது பயணிகள் விமான நிலையமாகத் திறந்தது. ஸ்டான்ஸ்டெட், அமெரிக்க ராணுவம் அதே போரில் போட்ட ஓடுபாதை. லூட்டன், அந்த ஊர் முனிசிபாலிட்டி 1938-ல் ஆரம்பித்தது. இன்றும் அந்த விமான நிலையம் ஊர் மன்றத்தின் சொத்து. கேட்விக், குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி இருந்த சின்ன விமானத்தளம். இப்போதைய உருவில் 1958-ல் எலிசபெத் ராணி திறந்துவைத்தார்.

ஒரே பெரிய விமான நிலையமாகக் கட்டிவிடலாமே என்று யோசிக்காமல் இல்லை. மூன்றாவது விமான நிலையத்துக்கு இடம் தேட 1968-ல் ரோஸ்கில் கமிஷன் போட்டார்கள். அது ஓர் ஊரைச் சொன்னது. அந்த ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். அரசு கடலோரச் சதுப்பு நிலத்துக்கு மாற்றியது. 1974-ல் அதையும் கைவிட்டது. கடைசியில் இருக்கிற ஸ்டான்ஸ்டெட்டையே பெரிதாக்கி, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த முனையத்தை 1991-ல் திறந்தார்கள். விமானத்தில் போக எல்லோருக்கும் ஆசை. வீட்டு மேல் விமானம் போக யாருக்கும் ஆசை இல்லை. லண்டனின் ஏர்போர்ட் வரலாறு மொத்தமும் இந்த இழுபறிதான்.

ஹீத்ரோ: மூன்று ரயில், மூன்று விலை

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் பாதி முடிவை விமான நிறுவனமே எடுத்துவிடுகிறது. சென்னையிலிருந்து நேராகப் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இறங்குவது ஹீத்ரோவில். கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கனும் அங்கேதான். வளைகுடா வழியாக மாறிப்போகிறவர்களுக்குத்தான் உண்மையில் தேர்வு வருகிறது. துபாயிலிருந்து எமிரேட்ஸ், ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் மூன்றுக்கும் பறக்கிறது. தோஹாவிலிருந்து கத்தார் ஏர்வேஸ் ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் போகிறது.

ஹீத்ரோ டிக்கெட் பல நாள் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டே ஓடுபாதை. வருஷத்துக்கு 4,80,000 விமானங்களுக்கு மேல் ஏறி இறங்கக்கூடாது என்று உச்சவரம்பு. இதை வைத்துக்கொண்டு 2024-ல் சுமார் 8 கோடியே 40 லட்சம் பேரைக் கையாண்டது. மூன்றாவது ஓடுபாதைப் பேச்சு பல வருஷமாகக் கோர்ட்டுக்கும் பார்லிமென்ட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கிறது. இடம் அவ்வளவு இறுக்கம் என்பதால் இறங்கி ஏறும் நேரமே சொத்து மாதிரி கைமாறுகிறது. 2016-ல் ஓமான் ஏர் ஒரு ஜோடி ‘ஸ்லாட்’டுக்கு ஏழரைக் கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது.

சரி, இறங்கிவிட்டோம். ஊருக்குள் எப்படிப் போவது? ஹீத்ரோவில் எனக்குப் பிடித்த வேடிக்கை இதுதான். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ், பேடிங்டனுக்குக் கால் மணி நேரம், கவுன்ட்டரில் வாங்கினால் 25 பவுண்டு அளவில். எலிசபெத் லைன், அதே பேடிங்டனுக்கு, அதே தண்டவாளத்தில், சுமார் அரை மணி நேரம்; விலை ஏறக்குறையப் பாதி. பேடிங்டனில் நிற்காமல் நகரத்துக்குக் குறுக்கே கிழக்குக் கோடிவரை ஓடிவிடும். மூன்றாவது, சுரங்க ரயிலின் பிக்கடில்லி லைன். ஒரு மணி நேரம் ஆகும். ஆறு பவுண்டு அளவில். கால் மணி நேரம் மிச்சம் பிடிக்க இரட்டை விலையா என்று யாரும் யோசிப்பார்கள். என் தீர்ப்பு: கம்பெனி காசில் போகிறவர்களுக்கு எக்ஸ்பிரஸ். குடும்பத்தோடு போகிறவர்கள் மட்டும் ஒரு நிமிஷம் நிற்கலாம். அதில் 15 வயதுவரை பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. முன்கூட்டியே வாங்கினால் பெரியவர்களுக்கும் நல்ல தள்ளுபடி கிடைக்கும்.

எனக்கு அக்கா மகள் சொல்லித்தந்தது பிக்கடில்லி லைன். “ஹேமர்ஸ்மித்துல இறங்குங்க சித்தி. படி ஏறாதீங்க, லிஃப்ட் தேடாதீங்க. அப்படியே எதிர்ப்பக்கம் நடங்க, பச்சை லைன் வரும். ‘அப்மின்ஸ்டர்’னு போர்டு போட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க.” இருபத்து மூன்று கிலோ பெட்டி ஒன்று, தோளில் ஒரு பை, கையில் முறுக்கு டப்பா வைத்த கட்டைப்பை. கதவு திறந்தது, இறங்கினேன், பத்து அடி நடந்தேன், ஒரே பிளாட்ஃபாரத்தின் மறுபக்கத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன். ஏறி உட்கார்ந்தால் ஈஸ்ட் ஹாம்தான். மொத்தம் ஒன்றரை மணி நேரம் தாண்டியது. ஆனால் பெட்டியை ஒரு படிகூடத் தூக்கவில்லை. லண்டன் சுரங்க ரயிலில் லிஃப்ட் இல்லாத ஸ்டேஷன்கள் பாதிக்கு மேல். பெட்டியோடு போகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி நேரம் இல்லை, படி.

ஹாரோவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். ஹீத்ரோ நடு பஸ் நிலையத்திலிருந்து ‘எஸ்எல்9’ என்ற சூப்பர்லூப் பஸ் ஹாரோவுக்கே போகிறது. டிக்கெட் இரண்டு பவுண்டு அளவில். வெம்ப்ளிப் பக்கம், ஆல்பர்ட்டன் ஈழபதீஸ்வரர் கோயில் அருகில் வீடு என்றால், பிக்கடில்லி லைனிலேயே ஆக்டன் டவுனில் கிளை மாறினால் போதும். வடமேற்கு லண்டன் தமிழர்களுக்கு ஹீத்ரோவைத் தவிர வேறெதையும் யோசிக்க அவசியமே இல்லை. சும்மா கொடுத்தாலும் ஸ்டான்ஸ்டெட் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தெற்கே போனால் கேட்விக்

க்ராய்டன், தோர்ன்டன் ஹீத், மிச்சம், சட்டன் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கதை தலைகீழ். கேட்விக்கில் ரயில் ஏறினால் ஈஸ்ட் க்ராய்டன் கால் மணி நேரம். ஹீத்ரோவில் இறங்கி க்ராய்டன் போவதற்குள் அவர்கள் சமைத்து ஆறவைத்துவிடுவார்கள். டூட்டிங்கும் விம்பிள்டனும் கேட்விக் பக்கம் சாய்வதுதான் நல்லது.

இங்கேயும் எக்ஸ்பிரஸ் விளையாட்டு உண்டு. கேட்விக் எக்ஸ்பிரஸ் விக்டோரியாவுக்கு அரை மணி நேரம், இருபது பவுண்டுக்கு மேல். அதே பாதையில் சதர்ன், தேம்ஸ்லிங்க் ரயில்கள் சில நிமிஷம் கூடுதலாக எடுத்துக்கொண்டு பத்து, பதினைந்து பவுண்டில் கொண்டுபோய் விடுகின்றன. கவுன்ட்டருக்கே போகவேண்டாம், பேங்க் கார்டை வாசல் மெஷினில் காட்டினால் போதும். வடக்கு, தெற்கு என இரண்டு முனையம், ஸ்டேஷன் தெற்கில். வடக்கில் இறங்கினாலும் இலவசக் குட்டி ரயில் இரண்டு மூன்று நிமிஷத்தில் சேர்த்துவிடும். பல வருஷமாக ஒரே ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024-ல் 4 கோடிக்கு மேல் பயணிகள். பக்கத்திலிருக்கும் வடக்கு ஓடுபாதையையும் வழக்கமான பயன்பாட்டுக்குக் கொண்டுவர 2025 செப்டம்பரில் அரசு அனுமதி கொடுத்திருக்கிறது.

மாணவர்களே, லண்டனே எதற்கு?

செப்டம்பர் மாதம் சென்னை விமான நிலையத்தில் நின்று பாருங்கள். பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் இரண்டு பெட்டியோடு உள்ளே போவார்கள். கேட்டால் “லண்டன்” என்பார்கள். படிக்கப் போவது கேம்பிரிட்ஜ், பிரைட்டன், கவென்ட்ரி, லீட்ஸ். ஏதோ இங்கிலாந்துக்கு ஒரே வாசல் ஹீத்ரோ என்பதுபோல் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேம்பிரிட்ஜுக்கு ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து நேர் ரயிலில் அரை மணி நேரம் சொச்சம். பிரைட்டனுக்குக் கேட்விக்கிலிருந்து அரை மணி நேரம். ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங் என்றால் ஹீத்ரோவிலிருந்தே நேர் பஸ் உண்டு. லண்டனுக்குள் கால் வைக்கவே வேண்டாம். பர்மிங்காம், கவென்ட்ரி, லெஸ்டர் பக்கம் படிக்கிறவர்கள் துபாய் வழியாக நேராகப் பர்மிங்காமிலேயே இறங்கலாம். வடக்கே மான்செஸ்டர், நியூகாசில், இன்னும் மேலே கிளாஸ்கோ, எடின்பரோ எல்லாவற்றுக்கும் துபாயிலிருந்து விமானம் இருக்கிறது. டிக்கெட் ஐயாயிரம் ரூபாய் கூடுதல் என்றால் கொடுத்துவிடலாம். முதல்முறை நாட்டை விட்டுப் போகும் பிள்ளை, தூங்காத கண்ணோடு, ஐம்பது கிலோ சுமையோடு லண்டனைக் கடந்து ரயில் மாறுவதன் விலை அதைவிட அதிகம். அன்றைய ரயில் டிக்கெட்டை அன்றே வாங்கினால் அந்த ஐயாயிரமும் போய்விடும். இங்கிலாந்து ரயில் கட்டணம் அப்படி.

ஸ்டான்ஸ்டெட்டை வெறும் மலிவு விமானக் கொட்டகை என்று நினைக்கவேண்டாம். ரயன்ஏரின் பெரிய கூடாரம் என்பதால் அந்தப் பெயர் வந்துவிட்டது. கிழக்கு லண்டனுக்கு, முக்கியமாக இல்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் போகிறவர்களுக்கு அது நல்ல வாசல். ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு நேர் பஸ் உண்டு. லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம் கொஞ்சம் தாண்டும். ராத்திரி தாமதமாக இறங்கினால்தான் வம்பு. கடைசி ரயில் போய்விட்டால் பஸ்தான் கதி.

லூட்டனும் சவுத்எண்டும் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. லண்டனில் இருந்துகொண்டு நாலு நாள் ஸ்பெயின், இத்தாலி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குத்தான். லூட்டனில் மட்டும் ஒன்று கவனியுங்கள். ரயில் நிற்பது விமான நிலையத்தில் இல்லை. அங்கிருந்து ‘டார்ட்’ என்ற தானியங்கி ரயில், 2023-ல் வந்தது, நாலு நிமிஷப் பயணம். அதற்குத் தனிக் காசு, ஐந்து பவுண்டு அளவில்.

பக்கத்து வீட்டு ஏர்போர்ட்

இப்போது ஈஸ்ட் ஹாம் கதைக்கு வருகிறேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மகாலட்சுமி கோயில், சரவண பவன், நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் தாண்டி உள்ளே திரும்பினால் அக்கா மகள் வீடு. மேனர் பார்க் முருகன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். முதல் நாள் காலை காப்பியோடு ஜன்னலில் நின்றபோது ஒரு விமானம் தாழப் பறந்துபோனது. சின்ன விமானம். மூக்கைக் கீழே குத்திக்கொண்டு இறங்கும் தோரணையே வேறாக இருந்தது.

“இது எங்க ஊர் ஏர்போர்ட் சித்தி. இங்கேர்ந்து கொஞ்ச தூரம்தான்.”

லண்டன் சிட்டி விமான நிலையம். ஈஸ்ட் ஹாம் இருக்கும் அதே நியூஹாம் பேரூரில்தான் இருக்கிறது. கப்பல்கள் வராமல் பாழடைந்த ராயல் டாக்ஸ் துறைமுகத்தில், இரண்டு நீர்நிலைகளுக்கு நடுவிலிருந்த கரையில் 1987-ல் தொடங்கினார்கள். ஓடுபாதை 1,508 மீட்டர்தான். ஹீத்ரோவில் ஒவ்வொன்றும் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். வழக்கமாக விமானங்கள் 3 டிகிரிச் சரிவில் இறங்கும். இங்கே ஐந்தரை டிகிரி. காலையில் நான் பார்த்த அந்தத் தோரணைக்கு அதுதான் காரணம். சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் பெரிய விமானம் எதுவும் இங்கே இறங்கமுடியாது.

அதாவது, தமிழர்கள் அடர்த்தியாக வாழும் பகுதிக்கு மிக அருகில் இருக்கும் ஏர்போர்ட்தான், தமிழ்நாட்டிலிருந்து யாரும் நேராக வந்து இறங்கமுடியாத ஏர்போர்ட். வங்கி, கம்பெனி வேலையாக ஜூரிக், பிராங்பர்ட், ஆம்ஸ்டர்டாம் போய்வருகிறவர்களுக்காகக் கட்டியது. உள்ளே நுழைந்து விமானம் ஏறக் கொஞ்ச நேரமே போதும் என்பது அதன் பெருமை. வாசலிலேயே டிஎல்ஆர் ரயில். “சத்தம் மட்டும் எங்களுக்கு சித்தி” என்று சிரித்தாள்.

சத்தத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சனிக்கிழமை மதியம் ஒரு மணியோடு கடை அடைப்பு. ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குத்தான் திறப்பு. சுற்றியிருக்கும் மக்கள் தூங்க, குழந்தைகள் வெளியே விளையாட என்று கட்டாயமாக விட்ட இடைவெளி. சனிக்கிழமை சாயங்காலமும் ஓட்டுகிறோம் என்று நிர்வாகம் கேட்டது. 2024-ல் அரசு, பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம், சனிக்கிழமையில் கைவைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தச் சனிக்கிழமை மதியம் நானே கவனித்தேன். ஒரு மணிக்குமேல் வானம் சட்டென்று காலியானது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவின் ரேடியோ அப்போதுதான் எனக்குக் கேட்டது.

சென்னையிலிருந்து பிராங்பர்ட் போய், அங்கிருந்து சின்ன விமானத்தில் சிட்டியில் இறங்க வழி இருக்கிறது. டிரான்சிட் விசா விதியைப் பார்த்துக்கொண்டு செய்யலாம். சிட்டியில் இறங்கி அரை மணி நேரத்தில் ஈஸ்ட் ஹாமில் சாப்பிட உட்கார்ந்துவிடலாம் என்பது ஆசையைக் கிளப்பத்தான் செய்கிறது.

ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறினால்

பயணிகள் உண்மையிலேயே அழுதுவிடும் இடம் இது. லண்டன் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர், மலிவாக இருக்கிறதென்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்குவார். வருவது ஹீத்ரோ, அடுத்தது கேட்விக்கிலிருந்தோ லூட்டனிலிருந்தோ. நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறதே, போதாதா?

போதாது. முதலில் விசா. ஏர்போர்ட் மாறவேண்டுமென்றால் குடியேற்றச் சோதனையைக் கடந்து பிரிட்டனுக்குள் நுழைந்தாக வேண்டும். உள்ளேயே உட்கார்ந்து விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசா இதற்குச் செல்லாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ‘விசிட்டர் இன் டிரான்சிட்’ விசா வேண்டும். அதில் 48 மணி நேரம்வரை தங்கலாம். அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் விசா கையிலிருந்தால் விலக்கு உண்டு, நிபந்தனைகளோடு. இது தெரியாமல் போனால் சென்னைக் கவுன்ட்டரிலேயே போர்டிங் பாஸ் கொடுக்கமாட்டார்கள்.

அப்புறம் பெட்டி. தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்துக்கொண்டு போய் மறுபடி போடவேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை. அதற்குமேல் சாலை. ஹீத்ரோ–கேட்விக் பஸ் ஒன்றேகால் மணி நேரம் என்று அட்டவணை சொல்லும். எம்25 சுற்றுச்சாலை அட்டவணை பார்ப்பதில்லை.

இதில் ரயிலை நம்புகிறவர்கள் ஒரு பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஃபேரிங்டன். 1863-ல் உலகின் முதல் சுரங்க ரயில் பேடிங்டனிலிருந்து வந்து நின்ற இடம் அது. இன்று எலிசபெத் லைனும் தேம்ஸ்லிங்க்கும் அங்கேதான் குறுக்கிடுகின்றன. ஒரு பக்கம் ஹீத்ரோ, ஒரு பக்கம் கேட்விக், இன்னொரு பக்கம் லூட்டன் ஸ்டேஷன். மூன்றுக்கும் மாறாமல் போகலாம். அடுத்த நிறுத்தம் லிவர்பூல் ஸ்ட்ரீட். அங்கிருந்து ஸ்டான்ஸ்டெட், சவுத்எண்ட். எந்த ஏர்போர்ட் என்று முடிவாகாத நிலையில் லண்டனில் ஹோட்டல் எடுக்கவேண்டியிருந்தால், நான் ஃபேரிங்டனைச் சுற்றித்தான் எடுப்பேன்.

என் கேட்விக் கதையை முடித்துவிடுகிறேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனில் ஃபேரிங்டன், அங்கே மாறினால் நேராகக் கேட்விக். எல்லாம் சரி, நான் கிளம்பிய நாள் ஞாயிறு. லண்டனைச் சுற்றித் தண்டவாளப் பராமரிப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அன்று வழியில் வேலை என்று முன்பே அறிவித்திருந்தார்கள். “நான் கொண்டுவந்து விடுறேன் அத்தை” என்று மாப்பிள்ளை காரை எடுத்தார். டார்ட்ஃபோர்ட் பாலத்துக்குப் போகவும் வரவும் கட்டணம். எம்25-இல் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிடத் தனிக் கட்டணம். கேமரா படம் எடுத்துக்கொள்ளும், ஆன்லைனில் கட்டவேண்டும், மறந்தால் அபராதம். பெட்ரோலையும் சேர்த்துப் பார்த்தால் நான் மிச்சம் பிடித்த நாலாயிரத்தில் முக்கால்வாசி காலி. மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் விலை போடவில்லை. அவரும் போடவில்லை, நல்ல மனுஷன்.

மற்ற ஊர்களில், நாளை நம் ஊரில்

லண்டன் மட்டும் இல்லை. டோக்கியோவில் ஹனேடாவில் இறங்கினால் நகரம் பக்கத்தில். நரிட்டாவில் இறங்கினால் அறுபது கிலோமீட்டர் சொச்சம். இஸ்தான்புல்லில் ஒரு விமான நிலையம் ஐரோப்பாவில், இன்னொன்று ஆசியாவில். கண்டம் மாறி இறங்கிவிடலாம். பாங்காக்கில் மலிவு விமானங்கள் டான் முவாங்கிலும் மற்றவை சுவர்ணபூமியிலும் இறங்கும். அங்கே மாறிப் பயணிக்கிற நம் ஆட்கள் ஏமாறும் இடம் அது. பிராங்பர்ட் ஹான் என்று ஒன்று உண்டு. பிராங்பர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர்.

மும்பைக்கு 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பையும் சேர்ந்துகொண்டது. அடுத்தது நாம். பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து வயலை விடமாட்டோம் என்று போராடிவருகிறார்கள். 2025-ல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது. சென்னையிலிருந்து 70 கிலோமீட்டர். மீனம்பாக்கத்துக்கு மெட்ரோ 2016-ல்தான் வந்தது. பரந்தூருக்கு ரயில் எப்போது, விமானத்துக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்திருக்கிறது, திருவான்மியூர்க்காரர் நாளைக்கு எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது.

லண்டன் போகிறவர்கள் டிக்கெட் போடுமுன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். தங்கப்போகும் வீட்டின் போஸ்ட்கோடை வாங்கி, அங்கிருந்து ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும், நீங்கள் இறங்கும் கிழமையில், இறங்கும் மணிக்கு எப்படிப் போவது என்று மேப்பில் தட்டிப் பாருங்கள். ஹீத்ரோ என்றால் எந்த டெர்மினல் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; 4-ம் 5-ம் தனித்தனிக் கிளையில் இருக்கின்றன, தவறான ரயிலில் ஏறினால் திரும்பி வரவேண்டும். அழைக்க வருகிறவரிடமும் அதையே சொல்லுங்கள். “லண்டன் ஏர்போர்ட்” என்று சொல்லாதீர்கள்.

நான் மறுபடி போகிறேன், இந்த டிசம்பரில். இந்த முறை டிக்கெட் போடுவதற்கு முன்பே அக்கா மகளைக் கூப்பிட்டேன். ஏர்போர்ட் எதுவானாலும் பரவாயில்லை, 25-ம் தேதி மட்டும் இறங்காதீங்க சித்தி என்றாள். கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் சுரங்க ரயிலும் ஓடாது, சிவப்பு பஸ்ஸும் ஓடாது.